பிரசவத்துக்குப் பணம் கொடுத்தால் குழந்தைகள் பிழைக்கின்றனவா?

ஜூன் 3, 2025 — ஒரு வாசகரின் கேள்வி

இந்தியாவின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2005-06இல் நூற்றுக்கு 39 பிரசவங்களே மருத்துவமனைகளில் நடந்தன. 2015-16இல் அது 79 ஆனது. இடையில் அரசு தாய்மார்களுக்கு ரொக்கம் கொடுத்து மருத்துவமனைக்கு வரவழைத்தது. ஆனால் பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஆயிரத்துக்கு 39இலிருந்து 30 வரைதான் இறங்கியது. மருத்துவமனைப் பிரசவம் இரட்டிப்பான ஒரு பத்தாண்டில் இறப்பு பாதியாவது குறைந்திருக்க வேண்டாமா? ஏழை நாடுகளில் இத்தகைய திட்டங்கள் வீண் செலவு என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, மாலை — என் பதில்

கணக்கு சரி, முடிவை ஏற்க மாட்டேன். கேள்வியாளர் குறிப்பிடும் ரொக்கத் திட்டமான ஜனனி சுரக்ஷா யோஜனாவில், பின்தங்கிய மாநிலங்களின் கிராமப்புறத் தாய்க்கு 1,400 ரூபாயும் அவரை அழைத்துவரும் ஆஷா எனும் கிராமச் சுகாதாரப் பணியாளருக்கு 600 ரூபாயும் வழங்கப்பட்டன. அந்தத் தொகை வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல் வரை தாயைக் கொண்டுவந்து சேர்த்தது. வாசலுக்கு உள்ளே அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்தத் தொகையால் மாற்ற முடியாது.

திமோத்தி பவல்-ஜாக்சன், சுமித் மசூம்தார், ஆன் மில்ஸ் ஆகிய மூவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. திட்டத்தால் மருத்துவமனைப் பிரசவம் கூடியது, தாய்ப்பால் கொடுப்பதும் கூடியது. பச்சிளம் குழந்தைகளின் இறப்பு குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதற்கு முன் 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பணம் பெற்ற தாய்மார்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது இறப்பு குறைந்ததாகக் கண்டது. ஆனால் அதே ஆய்வில் மாவட்டங்களை மாவட்டங்களோடு ஒப்பிட்டபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. பணம் வாங்க வந்த பெண்ணும் வராத பெண்ணும் வேறு பல வகைகளிலும் வேறுபட்டவர்கள் என்பதால், மாவட்ட ஒப்பீட்டையே நான் அதிகம் நம்புகிறேன்.

முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று ஆகிய மூன்றில் ஒன்றால் இறக்கிறார்கள். மூச்சு எடுக்காத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே காற்றூட்ட வேண்டும். அதற்குத் தேவை கையால் அழுத்தும் ஒரு பையும் முகமூடியும், அவற்றைப் பழகிய ஒரு கையும். பிரசவங்களின் செலவைக் கணக்கிடும் ஒரு ஆய்வுக்காக நான் பிரசவ அறைகளில் இரவு முழுவதும் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்திருக்கிறேன். ஓர் இடத்தில் அந்தப் பையும் முகமூடியும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தன. பொருள் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி பகல்நேரப் பொறுப்பாளரிடம் இருந்தது. இரவில் பிரசவங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே செவிலியருக்கு அந்தப் பொருள் இல்லாததற்குச் சமம். ஆண்டறிக்கையில் அந்த இரவின் பிரசவங்கள் அனைத்தும் மருத்துவமனைப் பிரசவங்களே.

ஜூன் 4

பயிற்சி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிதில் தீராது. உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களின் 120 மருத்துவ நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கொண்டு பெட்டர்பர்த் சோதனை நடந்தது. பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, அதைப் பின்பற்ற மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று வழிகாட்டினார்கள். கை கழுவுவது முதல் சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுப்பது வரை பழக்கங்கள் தெளிவாக மேம்பட்டன. 2017இல் முடிவு வெளியானபோது தாய் இறப்பிலும் குழந்தை இறப்பிலும் மாற்றம் இல்லை.

ஜூன் 6

கட்டாயப்படுத்தினாலும் இதே கதைதான். மலாவி அரசு 2007இல் பாரம்பரிய மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதற்குத் தடை விதித்தது. பொருளியலாளர்கள் சூசன் காட்லன்டனும் எட்வர்ட் ஒகெகேயும் அந்தத் தடையை ஆராய்ந்தார்கள். மருத்துவச்சியிடம் செல்வது ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. பெண்கள் மருத்துவ நிலையங்களுக்கு மாறினார்கள். பச்சிளம் குழந்தைகளின் இறப்பு குறையவில்லை.

ஜூன் 9

மூன்று எதிர்மறை முடிவுகளை வரிசையாக எழுதிவிட்டதால், நான் கேள்வி கேட்டவரின் பக்கம் சாய்ந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த விவாதத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் சுகாதாரப் பொருளியலாளராக இருந்த அதே ஒகெகே, அபுபக்கர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து நைஜீரியாவின் கிராமங்களில் ஒரு பணப் பரிசோதனை நடத்தினார். கர்ப்ப காலத்தில் குறைந்தது மூன்று முறை பரிசோதனைக்கு வந்து, மருத்துவ நிலையத்தில் பிரசவித்து, பிரசவத்துக்குப் பின் ஒரு முறையாவது வந்து காட்டும் பெண்ணுக்கு 5,000 நைரா, அதாவது ஏறத்தாழ 14 டாலர், தரப்படும். யாருக்கு இந்த வாய்ப்பு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஆகவே வருபவர், வராதவர் என்ற பழைய சிக்கல் இங்கே இல்லை. 2020இல் வெளியான முடிவு: குழந்தைகள் பிழைப்பது கணிசமாகக் கூடியது. ஆனால் அந்தக் கூடுதல் முக்கியமாகப் பிறப்புக்கு முன்பே, வயிற்றிலேயே நிகழும் இறப்பு குறைந்ததால் வந்தது. அதற்கு முதன்மையான காரணம் கர்ப்ப காலப் பரிசோதனை. பிரசவம் எந்த இடத்தில் நடந்தது என்பதற்கு அவ்வளவு பங்கில்லை.

கேள்வியாளர் எடுத்துக்காட்டும் 39, 30 என்ற எண்களில் இந்த இறப்புகள் இடம்பெறவே மாட்டா. அந்த விகிதம் உயிருடன் பிறந்த குழந்தைகளைக் கொண்டே தொடங்குகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் கர்ப்பத்தின் 28ஆம் வாரத்துக்குப் பின் இறந்து பிறக்கின்றன. ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் தாய் இறப்புக்கு எண் உண்டு, பச்சிளம் குழந்தை இறப்புக்கு எண் உண்டு, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்புக்கும் உண்டு. இறந்து பிறக்கும் குழந்தைகளுக்கு இல்லை.

வீடு வீடாகச் சென்று பிறப்பு வரலாறு கேட்கும் கணக்கெடுப்பில் வேலை செய்த நாட்களில் இந்த விடுபடலை நேரில் கண்டேன். கேள்வித்தாள் முதலில் உங்களோடு வாழும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்கும். பிறகு வேறிடத்தில் வாழ்பவர்கள். பிறகுதான் உயிருடன் பிறந்து பின்னர் இறந்தவர்கள். இந்த மூன்றாவது கேள்விக்குப் பல பெண்கள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பிறந்தபோது அழுததா, மூச்சு விட்டதா, சில மணி நேரமாவது உயிரோடு இருந்ததா என்று மெல்லத் தொடர்ந்து கேட்டால்தான் ஒரு குழந்தையின் செய்தி வெளியே வரும். சில வேளைகளில் மாமியார் அருகில் இருக்கும்வரை எதுவும் வராது. அவர் எழுந்து உள்ளே போன பிறகு வரும். ஒரு முறை அழுதுவிட்டு இறந்த குழந்தையை இறந்தே பிறந்ததாகக் குடும்பம் சொல்வதும், பதிவேடு அதையே எழுதிக்கொள்வதும் அரிதல்ல. ஏட்டில் அந்தக் குழந்தை ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு நகர்ந்தால், திட்டத்தின் வெற்றி தோல்வியே மாறிவிடுகிறது.

ஜூன் 10

நேற்று எழுதியதிலிருந்து ஒரு விளைவு பின்தொடர்கிறது. அதை ஒரு கணக்காகவே வைத்துப் பார்க்கலாம். ஒரு ஊரில் முன்பு ஆயிரம் கர்ப்பங்களில் 40 குழந்தைகள் வயிற்றிலேயே இறந்தன என்று வைத்துக்கொள்வோம். நல்ல கவனிப்பால் அது 25 ஆகிறது. அதாவது 15 குழந்தைகள் கூடுதலாக உயிருடன் பிறக்கின்றன. ஆனால் அவை வலுவற்ற குழந்தைகள். எடை குறைந்தவை, சில குறைமாதக் குழந்தைகள். அவற்றில் ஐந்து முதல் வாரத்தில் இறந்தாலும் பத்து உயிர்கள் மிச்சம். ஆனால் பச்சிளம் குழந்தை இறப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு, அந்த ஊரின் நிலைமை மோசமாகிவிட்டதாகவே தெரியும். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. இந்த வகை நகர்வு உண்மையில் நடக்கக்கூடியது. ஆகவே இந்தியத் திட்டத்தைப் பற்றிய முடிவையும், இறந்து பிறந்தவர்களைச் சேர்த்து எண்ணாதவரை, முழுமையானதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 13

விவாதம் இலவசம் சரியா என்ற பக்கம் திரும்பியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால்தான் பொருளின் அருமை தெரியும் என்று இரண்டு பேர் உறுதியாக எழுதியிருக்கிறார்கள். இது ஊகமாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டுபாவும் கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலையைச் சில பரிசோதனை நிலையங்களில் இலவசமாகவும் சிலவற்றில் சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். விலை 60 அமெரிக்க சென்ட் ஆனதும், வாங்குவோர் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்றே இல்லை. தென்னாப்பிரிக்கா 1994இல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவக் கட்டணத்தை நீக்கியது; அதனால் குழந்தைகளின் வயதுக்கேற்ற எடை மேம்பட்டதை ஷின்சுகே தனாகா காட்டினார்.

உதய்ப்பூர் ஆய்வையும் இங்கே சேர்க்க வேண்டும். பானர்ஜி, டுஃப்லோ, கிளெனர்ஸ்டர், கோத்தாரி ஆகியோர் 2010இல் வெளியிட்டது. எதுவும் செய்யாத கிராமங்களில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 6. மாதந்தோறும் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், அட்டவணையை முடித்தால் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் 39. பருப்புக்குச் செலவான பிறகும் ஒரு குழந்தைக்கான செலவு பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் செவிலியர் எப்படியும் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் கூடினால் அவருடைய ஊதியம் அதிகக் குழந்தைகளுக்குப் பங்காகிறது.

தடுப்பூசிக்கு ஊக்கம் வேலை செய்வதையும் பிரசவத்துக்கு அதே அளவு வேலை செய்யாததையும் முரண்பாடாகக் காண வேண்டியதில்லை. ஊசி என்பது வந்தால் முழுமையாகக் கிடைக்கும் சேவை. மருந்து சரியாகக் குளிர்பதனத்தில் இருந்தால், போடுபவரின் திறனில் பெரிய வேறுபாடு வராது. பிரசவம் அப்படிப்பட்டதன்று. பெரும்பாலானவை சிக்கலின்றி முடிந்துவிடும்; சிக்கலாகும் சிலவற்றில்தான் உயிர் போகிறது, அந்தச் சிலவற்றில் திறனும் ரத்தமும் அறுவைச் சிகிச்சை வசதியும் குறித்த நேரத்தில் ஒன்றுசேர வேண்டும்.

ஜூன் 17

ஜூன் 4 குறிப்புக்கு ஒரு பிற்சேர்க்கை. பழக்கங்கள் மேம்பட்டும் இறப்பு ஏன் குறையவில்லை என்பதற்கு ஒகெகேயின் 2023 ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. நைஜீரியாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்குப் புதிதாக ஒரு மருத்துவரை அனுப்பினார்கள்; சிலவற்றுக்கு ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு இணையான இடைநிலைப் பணியாளர் ஒருவரை அனுப்பினார்கள்; சிலவற்றுக்கு யாரையும் அனுப்பவில்லை. மருத்துவர் சென்ற ஊர்களில் பிறந்து ஏழு நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் குறைந்தனர். இடைநிலைப் பணியாளர் சென்ற ஊர்களில் அந்த மாற்றம் இல்லை. ஆக, ஒரு கை கூடுதலாகக் கிடைத்ததால் வந்த பலன் என்று இதை விளக்க முடியாது. அந்தக் கைக்கு என்ன தெரியும் என்பதுதான் வேறுபாடு.

இதைப் படித்துவிட்டு, ஊர்தோறும் மருத்துவர் என்று கோரிக்கை வைப்பவர்களுக்கு ஒரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவரை ஓர் ஆண்டு ஊரில் வைத்திருப்பது ஆய்வில் முடிந்தது. பத்தாண்டு வைத்திருப்பதுதான் அரசுகளுக்கு முடியாமல் போகிறது. பொருளியல் ஆய்வுகள் இந்தப் பின்பாதியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன.

ஜூன் 18

ருவாண்டாவைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே பணம் தாய்க்கு அல்லாமல் நிலையத்துக்குத் தரப்பட்டது, எத்தனை பேரைக் கவனித்தார்கள், எவ்வளவு தரமாகக் கவனித்தார்கள் என்ற இரண்டையும் வைத்துத் தொகை தீர்மானிக்கப்பட்டது. 2011இல் வெளியான மதிப்பீட்டில் மருத்துவ நிலையப் பிரசவம் 23 விழுக்காடு கூடியது. நான்கு கர்ப்ப காலப் பரிசோதனைகளை முடிப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. பிரசவத்துக்கு நிலையம் பெற்ற தொகை பெரிது, பரிசோதனைக்குப் பெற்றது சிறிது. மேலும், ஒரு பெண்ணை நான்கு முறை வரவழைப்பது செவிலியரின் கையில் மட்டும் இல்லை.

ஜூன் 22

வீட்டிலேயே காப்பாற்ற முடியாதா என்ற கேள்வியை நான் இதுவரை தொடாமல் விட்டதை ஒருவர் சுட்டிக்காட்டினார். முடியும் என்பதற்கு வலுவான எடுத்துக்காட்டு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமப் பெண்களுக்கே பயிற்சி தந்து, மூச்சுத் திணறலையும் தொற்றையும் வீட்டிலேயே கவனிக்கச் செய்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியிட்டார்கள். நேபாளத்தின் மக்வான்பூரில் பெண்கள் குழுவாகக் கூடி மாதந்தோறும் தங்கள் பேறுகாலச் சிக்கல்களைப் பேசித் தீர்வு தேடியதில் 30 விழுக்காடும், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில் அதே முறையில் 32 விழுக்காடும் குறைந்தன.

ஆனால் ஓரிடத்தில் வென்றதை இன்னோரிடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்வதில் எனக்கு அச்சம் உண்டு. தொப்புள்கொடியில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவது நேபாளத்தில் இறப்பை 24 விழுக்காடு குறைத்தது. சாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பாத் தீவிலும் நடந்த பெரிய சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. உகாண்டாவில் ஊரார் தங்கள் சுகாதார நிலையத்தைக் கண்காணித்ததால் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009இல் வந்த ஆய்வு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. பின்னர் அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது இறப்பில் மாற்றம் காணப்படவில்லை. முதல் ஆய்வைப் படித்த பலர் இரண்டாவதைப் படிக்கவில்லை என்பது என்னை வருத்துகிறது.

ஜூன் 29

இத்தனை நாளும் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தாய் இந்த விவாதத்திலும் குழந்தையைச் சுமக்கும் ஒருத்தியாகவே நின்றுவிட்டார். 2023இல் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீடு. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 197. இலக்கு 2030இல் 70க்கும் கீழே.

தாயின் உயிருக்கு ஒரு பொருளாதார மதிப்பும் உண்டு என்பதைச் சீமா ஜெயச்சந்திரனும் அட்ரியானா லெராஸ்-மூனியும் இலங்கையை வைத்துக் காட்டினார்கள். அங்கே 1946க்கும் 1953க்கும் இடையில் பிரசவ மரண ஆபத்து மிகக் கடுமையாகச் சரிந்தது. வளர்ந்து பெரியவளாகி, பிரசவத்தில் இறக்காமல் வாழ்வாள் என்ற நம்பிக்கை கூடியதும் பெற்றோர் பெண் குழந்தைகளை அதிக ஆண்டுகள் படிக்க வைத்தார்கள். ஆண் குழந்தைகளோடு ஒப்பிட்டு இதை நிறுவினார்கள். இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பிரசவ அறையில் செலவிட்ட பணத்தின் பலன், அந்த அறைக்குள் இன்னும் காலடி வைக்காத சிறுமியின் பள்ளிக்கூடத்தில் தெரிகிறது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பேறுகால மனச்சோர்வுக்கு, மருத்துவர் அல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களே பேச்சு வழிச் சிகிச்சை அளித்தார்கள். ஆறு மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் சிகிச்சைக் குழுவில் 23 விழுக்காடு, மற்றக் குழுவில் 53 விழுக்காடு. ஏழு ஆண்டுகளுக்குப் பின் சோனியா பலோத்ரா உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதே தாய்மார்களைத் தேடிச் சென்றபோதும் மனச்சோர்வு குறைவாகவே இருந்தது. வீட்டுப் பணத்தில் அவர்களுக்கு அதிகப் பிடி இருந்தது. பிள்ளைகளுக்காக அதிக நேரமும் பணமும் செலவிட்டார்கள். பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியிலோ உடல் வளர்ச்சியிலோ வேறுபாடு தெரியவில்லை. பிள்ளையில் பலன் தெரியாததால் இத்திட்டம் தோல்வி என்று யாராவது சொன்னால், தாய் நலம் பெற்றதே போதாதா என்று கேட்பேன்.

ஜூன் 29, இரவு

ரத்தப்போக்கைப் பற்றி எழுத மறந்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதே பல இடங்களில் வழக்கம். கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் சோதனையில், அளவுக்கோடுகள் இட்ட விரிப்பைத் தாயின் கீழ் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். குறித்த அளவைத் தாண்டியதும் மருந்துகளையும் மற்றச் சிகிச்சைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தார்கள். சரிபார்ப்புப் பட்டியல் தோற்ற இடத்தில் இது வென்றதற்கு ஒரு காரணம், இது ஒரே ஒரு ஆபத்தைக் குறிவைத்து, அதைக் கண்டறியும் கருவியையும் தீர்க்கும் மருந்தையும் சேர்த்தே தந்தது என்று கருதுகிறேன்.

ஜூலை 8

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, அப்படியானால் பணத்தை எங்கே போடுவீர்கள் என்று நேராகக் கேட்டிருக்கிறார். தாய்மார்களுக்கான ரொக்கத்தை நிறுத்த மாட்டேன். அதன் பெரும்பகுதியைப் பிரசவ நாளிலிருந்து கர்ப்ப மாதங்களுக்கு நகர்த்துவேன். சிறிய நிலையங்களில் பிரசவ எண்ணிக்கையைக் கூட்டுவதை இலக்காக வைக்க மாட்டேன். இரவு நேரத்தில் சிக்கலான பிரசவத்தைக் கையாளத் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்குத் தாயைக் கொண்டுசெல்லும் வாகனத்துக்கும், அந்த இரவுப் பணிக்கும் கொடுப்பேன். மருத்துவர் அந்த ஊரில் தொடர்ந்து தங்குவதற்கு வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தேவையென்றால், அவற்றையும் தாய்சேய் நலச் செலவாகவே எழுதுவேன்.

எண்ணுவதற்கும் பணம் ஒதுக்குவேன். பல ஏழை நாடுகளில் தாய்சேய் இறப்பைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, 1984 முதல் அமெரிக்க உதவியோடு நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது. இறப்புப் பதிவு சரியாக இல்லாத நாடுகளில், உங்களோடு பிறந்த சகோதரிகளில் யாராவது பிரசவத்தில் இறந்தார்களா என்று உயிரோடிருப்பவரைக் கேட்டுத்தான் தாய் இறப்பையே மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கான அமெரிக்க நிதி 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அடுத்த பத்தாண்டில் இதே கேள்வியை ஒருவர் கேட்டால், 39, 79 போன்ற எண்களை அவர் எங்கிருந்து எடுப்பார் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மருத்துவமனைப் பதிவேடுகளோடு வேலை செய்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்கள் பதிவேடுகளில் இறந்து பிறந்த குழந்தை வலி தொடங்கும் முன்பே இறந்ததா, பிரசவத்தின்போது இறந்ததா என்று பிரித்து எழுதும் பத்தி உண்டா? உண்டென்றால், அதை யார் நிரப்புகிறார், பிரசவம் முடிந்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு நிரப்புகிறார்?